கூலிக்காரன் எப்போது பிறந்தான்?

இந்தியாவின் வறுமை பற்றிய புத்தகங்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் கிராமம் தன்னிறைவோடு இருந்தது. உழுகிறவனுக்கு நிலம் இருந்தது, நெய்கிறவனுக்குத் தறி இருந்தது. மான்செஸ்டர் துணி வந்தது, தறி நின்றது. வரி ஏறியது, கடன் ஏறியது, நிலம் கைமாறியது. நெசவாளியும் சிறு விவசாயியும் நொடித்துப்போய் அடுத்தவன் வயலில் கூலிக்கு இறங்கினார்கள். நிலமற்ற விவசாயக் கூலி என்கிற வர்க்கம் இந்தியாவில் இப்படித்தான் 'உருவானது'.

கேட்பதற்கு நல்ல கதை. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் சேரி எங்கே இருக்கிறது?

தஞ்சாவூர்ப் பக்கமோ செங்கல்பட்டுப் பக்கமோ ஏதாவது ஒரு சேரிக்குப் போய், வயசான ஒரு கிழவியிடம் கேட்டுப் பாருங்கள். "உங்க குடும்பம் எப்ப நெலத்த எழந்துச்சு?" என்று கேட்டால் அந்த அம்மாவுக்குக் கேள்வியே புரியாது. "நெலமா? நமக்கு ஏது நெலம்? எங்க மாமனாருக்கு மாமனாரு காலத்துலேர்ந்து அந்தப் பண்ணைக்கு ஆளு நாங்க" என்றுதான் பதில் வரும். இழந்தவனுக்கு இழந்த தேதி தெரியும். ஒருபோதும் கொடுக்கப்படாதவனுக்குத் தேதி ஏது?

இந்தப் பதிலைப் பொருளாதார வரலாறு நீண்ட காலம் காதில் வாங்கவில்லை. வாங்க வைத்த ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். 1965ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அந்த நூல், 'தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்'. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்து விவசாயத் தொழிலாளர்களைப் பற்றியது. எழுதியவர் தர்மா குமார். 1928ல் பிறந்து 2001ல் மறைந்தவர். டெல்லி பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். 1983ல் வந்த கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் இரண்டாம் தொகுதியைப் பதிப்பித்தவரும் அவரே. அவர் தலித் இயக்கத்துக்காக எழுதியவர் அல்ல, இடதுசாரியும் அல்ல. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த ஒரு கல்வித்துறைப் பொருளாதார அறிஞர், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கு நம்முடைய கணக்கு.

முதலில், அவர் யாரை எதிர்த்து எழுதினார் என்று பார்ப்போம். தாதாபாய் நௌரோஜியின் 'இந்தியாவில் வறுமையும் பிரிட்டிஷ் தன்மையற்ற ஆட்சியும்' 1901ல் வந்தது. ரொமேஷ் சந்திர தத் தன் பொருளாதார வரலாற்றை 1902லும் 1904லும் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிகிறது, கனத்த நிலவரி விவசாயியைக் கொல்கிறது என்று இவர்கள் புள்ளிவிவரங்களோடு நிறுவினார்கள். ஏகாதிபத்தியத்தின் முகமூடியைக் கிழித்த எழுத்து அது, மறுப்பதற்கில்லை. ஆனால் இவர்கள் கண்ட 'விவசாயி' வரி கட்டுகிறவன். வரி கட்டுகிறவன் என்றால் பட்டா வைத்திருக்கிறவன். அவன் வயலில் இறங்கி நாற்று நட்டவள் அந்தப் பக்கங்களில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1952ல் சுரேந்திர படேல் விவசாயத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலமற்ற விவசாயக் கூலிகள் என்று சொல்லத்தக்க தனி வர்க்கமே இந்தியாவில் இல்லை, பிரிட்டிஷ் ஆட்சிதான் அதை உண்டாக்கியது என்பது அவர் வாதம். இடதுசாரி வட்டாரங்களில் இந்த வாதம் கிட்டத்தட்ட சட்டமாகவே ஆகிப்போனது. வர்க்கத்தைப் பேசியவர்களுக்கும் வசதியாக இருந்தது, தேசத்தைப் பேசியவர்களுக்கும் வசதியாக இருந்தது. குற்றவாளி கப்பலேறிப் போய்விட்டான், ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள். ஆண்டையும் பாதிக்கப்பட்டவர், அடிமையும் பாதிக்கப்பட்டவர்!

தர்மா குமார் கேட்டது எளிய கேள்வி. 1800ல் கூலிகளே இல்லை என்று எப்படித் தெரியும்? அப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடையாது. சென்னை மாகாணத்தில் முறையான கணக்கெடுப்பு 1871லும் 1881லும்தான் வருகிறது. எழுபது எண்பது வருஷம் பின்னால் போய் எண்ணுவது எப்படி?

அவர் பிடித்த கயிறு சாதி. பறையர், பள்ளர், செருமர், புலையர், ஹொலெயர், மாலர், மாதிகர் என, வயல் வேலைக்கென்றே வழிவழியாக ஒதுக்கப்பட்ட சாதிகள் தென்னிந்தியா முழுக்க இருந்தன. கணக்கெடுப்புகளில் மொத்த மக்கள்தொகையில் இந்தச் சாதிகளின் பங்கு எவ்வளவு என்று அவர் பார்த்தார். அந்தப் பங்கு நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொம்பக் குறைவாக இருந்து பிறகு ஏறியிருக்க வாய்ப்புண்டா என்று கேட்டார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு நெசவாளி நொடித்துப்போனால் கூலிக்காரன் ஆகலாம். ஒரு வேளாளர் குடும்பம் கடனில் மூழ்கி நிலத்தை விற்றால் அந்த வீட்டுப் பிள்ளை கூலிக்குப் போகலாம். ஆனால் அவன் பறையன் ஆக முடியுமா? எத்தனை ஏழையானாலும் அவன் ஊர்த் தெருவில்தான் குடியிருப்பான், ஊர்க் கிணற்றில்தான் தண்ணி எடுப்பான், சொந்தச் சாதியில்தான் பெண் எடுப்பான். வறுமை ஒருவனைச் சேரிக்குள் தள்ளுவதில்லை. சேரிக்குள் பிறந்தால்தான் சேரி. ஆகவே மான்செஸ்டர் துணியோ நிலவரியோ இந்தச் சாதிகளின் எண்ணிக்கையைப் பெருக்கியிருக்க முடியாது. 1871ல் அத்தனை பேர் இருந்தார்கள் என்றால் 1800லும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இருந்திருப்பார்கள்.

இப்படிப் பின்னோக்கிக் கணக்கிட்டு அவர் வந்து சேர்ந்த முடிவு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண மக்கள்தொகையில் 10 முதல் 15 சதவீதம் வரை நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் இருந்தார்கள். கும்பெனி ஆட்சி சரியாகக் காலூன்றும் முன்பே அங்கே ஒரு பெரிய கூலிவர்க்கம் இருந்தது. அந்த வர்க்கத்தை உண்டாக்கியது மான்செஸ்டர் அல்ல. நம் ஊர் உண்டாக்கியது.

எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆற்றுப்பாசனமும் ஏரிப்பாசனமும் உள்ள நெல் பூமியில், தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும், இந்தச் சாதிகளின் பங்கு அதிகம். கோயம்புத்தூர் போன்ற புன்செய்ப் பகுதியில் குறைவு. நன்செய் எங்கே விரிந்திருக்கிறதோ அங்கே சேரியும் பெரிது. பொன்னி பாய்ந்து வளம் கொழித்தது என்று புலவர்கள் பாடிய மண்ணில்தான் அடிமைகளும் அதிகம். வறட்சியால் வந்த வறுமை அல்ல இது, விளைச்சலுக்கு நடுவில் வைக்கப்பட்ட வறுமை. ஏர் பிடித்தால் சாதி கெட்டுவிடும் என்று இருந்தவர்கள் கையில் சிறந்த நிலமெல்லாம் இருந்தது. அவர்களுக்காக உழுவதற்கு, ஓடிப்போக முடியாத ஆட்கள் வேண்டியிருந்தது. கூலி மலிவாக இருந்தால் மட்டும் போதாது. சொந்த நிலம் என்கிற நினைப்பே வராத ஆட்களாகவும் இருக்க வேண்டும். சாதி அந்த ஆட்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுக் கொடுத்தது.

இது வெறும் ஊகம் அல்ல. 1819ல் சென்னை வருவாய் வாரியம் தன் கலெக்டர்களிடம் அடிமைமுறை பற்றி விவரம் கேட்டது. வந்த பதில்களும், 1841ல் இந்தியச் சட்டக் கமிஷன் கொடுத்த அறிக்கையும் வரலாற்றாளர்கள் கையில் இருக்கின்றன. தமிழ்ப் பகுதியில் ஆட்கள் பெரும்பாலும் நிலத்தோடு கட்டுண்டவர்கள், நிலம் கைமாறும்போது ஆட்களும் சேர்ந்து கைமாறினார்கள். மலபாரில் நிலைமை இன்னும் கொடுமை. நிலத்தை எப்படியெல்லாம் கைமாற்றினார்களோ அதே போல ஆளையும் கைமாற்றினார்கள். ஜன்மம் என்றால் முழு விற்பனை, காணம் என்றால் ஒத்தி, பாட்டம் என்றால் வாடகை. இதற்கெல்லாம் ஓலை எழுதினார்கள், சாட்சி வைத்தார்கள். தமிழ்நாட்டு ஆளோலைகளை ஆ. சிவசுப்பிரமணியன் தமிழிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். படித்தவர்களுக்குத் தெரியும், கிராமத் தன்னிறைவு என்பது யாருடைய நிறைவு என்று.

இனி, இந்தக் கணக்கின் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக ஒரு புத்தகத்தைக் கும்பிடத் தேவையில்லை. சாதியை வைத்துத் தொழிலை எண்ணுவதில் ஆபத்து உண்டு. பறையர்களில் நெசவு செய்தவர்கள் இருந்தார்கள், வெட்டியான் தலையாரி என்று கிராம ஊழியம் பார்த்தவர்கள் இருந்தார்கள், கும்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், கொஞ்சம் நிலம் வைத்து உழுதவர்களும் இருந்தார்கள். மறுபக்கம், வேறு சாதிகளிலும் படியாட்கள் இருந்தார்கள். "பறையன் என்றால் கூலி" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால், நம்மில் நெசவாளியும் மருத்துவனும் புலவனும் இருந்த வரலாறு அழிந்துபோகும். அயோத்திதாசர் வாழ்நாள் முழுக்க மீட்க நினைத்தது அந்த வரலாற்றைத்தான். ஆகவே 10 முதல் 15 சதவீதம் என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூலிவர்க்கம் ஏற்கெனவே இருந்தது, பெரிதாக இருந்தது, சாதியின் வரம்புக்குள் இருந்தது என்ற மூன்று செய்திகளை எடுத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வாதத்தை வைத்து, "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் மேல் தப்பே இல்லை" என்று சொல்ல ஆட்கள் கிளம்புவார்கள். தப்பு இல்லையா? அடிமையை அவன் உண்டாக்கவில்லை, சரி. ஆனால் அடிமையின் உழைப்பில் விளைந்த நெல்லைக் கிஸ்தியாக வாங்கி எண்ணி வைத்தவன் யார்? ரயத்துவாரி முறையில் பட்டா யார் பெயருக்குப் போனது? உழுதவன் பெயருக்கா? மிராசுதார் பெயருக்கும் பட்டாதாரர் பெயருக்கும்தானே போனது. செங்கல்பட்டில் தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து போட்டுக் கேட்டாலும் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. சேரிக்காரன் ஒரு துண்டுத் தரிசு கேட்டால், "எனக்கு வேண்டும்" என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனு தள்ளுபடி. பழைய ஆண்டைக்குப் புதிய அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தது.

1843ன் 5வது சட்டம் வந்தது. ஒருவனை அடிமை என்று உரிமை கொண்டாடி இனி நீதிமன்றம் ஏற முடியாது என்றது. 1860ன் இந்தியத் தண்டனைச் சட்டம் 1862ல் நடைமுறைக்கு வந்து, ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. காகிதத்தில் அடிமை முறை ஒழிந்தது. சேரியில்? ஆள் குடியிருக்கும் மனை ஆண்டைக்குச் சொந்தம். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் ஆண்டையிடம். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பு! ஓலை போய்க் கடன்சீட்டு வந்தது. அடிமை என்ற பெயர் போய்ப் படியாள், பண்ணையாள் என்று பெயர் வந்தது. தப்பித்தவர்கள் கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் மொரீஷியசுக்கும் போனார்கள். அங்கே கங்காணி இருந்தான். அப்படியிருந்தும் போனார்கள் என்றால் இங்கே ஊர் எப்படி இருந்திருக்கும்?

இதை நேரில் பார்த்து எழுதிய வெள்ளை அதிகாரியும் ஒருவர் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891ல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனை அவர்களுக்குச் சொந்தமாக வேண்டும், உழத் தரிசு வேண்டும், படிக்கப் பள்ளி வேண்டும் என்றார். மேலதிகாரிகள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் 1892ல் 1010ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அந்த நிலம் இப்போது யார் கையில்? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். காரணை நிலத்துக்காக நடந்த போராட்டம் அது. 1892ன் அரசாணையை 102 வருஷம் கழித்து அமல்படுத்தச் சொன்னதற்குக் கிடைத்த பதில் தோட்டா.

சுதந்திர இந்தியாவும் இதே பள்ளத்தில்தான் நடந்தது. 1952ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி விரட்டக் கூடாது என்றது. பல மிராசுதார்கள் பண்ணையாள் என்ற ஏற்பாட்டையே விட்டுவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். சட்டத்தால் காக்கப்பட வேண்டியவன் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாமல் போனான். குத்தகைச் சட்டங்கள் குத்தகைக்காரனைக் காத்தன. உச்சவரம்புச் சட்டம் பினாமிகளை வளர்த்தது. நடவு நட்டவளுக்கு அரைப்படி கூட்டிக் கேட்பதுதான் மிச்சம். அதைக் கேட்டு நடந்த போராட்டத்தின் நடுவில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். தர்மா குமாரின் புத்தகம் வந்து மூன்றே வருஷம். 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். நிலமும் சாதியும் ஒன்று என்பதற்கு இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

இந்த இடத்தில் இன்னொரு பொருளாதாரப் பேராசிரியரை நினைத்துப் பார்க்க வேண்டும். பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த அம்பேத்கர், 1918ல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதுதான் வறுமைக்குக் காரணம், துண்டுகளை ஒன்று சேர்த்தால் தீரும் என்று மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்த நேரம். அவர் அதை ஏற்கவில்லை. நிலத்தின் மேல் வேலையற்ற உழைப்பு குவிந்து கிடக்கிறது, அதற்கு வேறு தொழில் வேண்டும், தொழில்மயமாக்கம் வேண்டும் என்றார். வளர்ச்சிப் பொருளாதாரம் என்ற துறை பின்னால் 1950களில் பேசிய விஷயம் இது. 1947ல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் இன்னும் ஒரு படி போனார். நிலத்தை ஒன்று சேர்ப்பதாலும் குத்தகைச் சட்டத்தாலும், நிலமே இல்லாத ஆறு கோடித் தீண்டப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்றார். நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் கூட்டுப்பண்ணைகளாகக் கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்டார். அரசியல் சட்டத்திலேயே அதை எழுதச் சொன்னார். எழுதவில்லை. இழந்த நிலத்தை மீட்டுக் கொடு என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருபோதும் கொடுக்கப்படாதவர்களைக் கணக்கில் வை என்றார். 1965ல் தர்மா குமார் ஆவணங்களில் கண்டதும் அதே மக்களைத்தான்.

அதற்குப் பிறகு வறுமையை அளக்க எத்தனை கோல்கள் வந்தன! 1971ல் தண்டேகரும் ராத்தும் 2250 கலோரி என்று கோடு போட்டார்கள். 1979ல் திட்டக் கமிஷன் குழு கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 என்றது. 2009ல் டெண்டுல்கர் குழு வேறு கோடு போட்டது. வயிறு நிறைந்ததா என்று பார்ப்பது தேவைதான், பசியை நாம் அறியாதவர்கள் அல்ல. ஆனால் கலோரியை எண்ணுகிற கோல், அவன் குடியிருக்கும் மனை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதில்லை. ரேஷன் அரிசியில் கோட்டுக்கு மேலே ஏறிய குடும்பம், வரப்பு வழியாகப் பிணத்தைத் தூக்கிப் போக வழி கேட்டு இன்னும் நிற்கிறதே, அது எந்தக் கோட்டுக்கு மேல், எந்தக் கோட்டுக்குக் கீழ்? 'ஏழை' என்று பொதுவாக எழுதும்போதே ஒரு வரலாறு அழிக்கப்படுகிறது. ஏழையாகிப் போனவனும் ஏழையாக வைக்கப்பட்டவனும் ஒன்றல்ல. முன்னவனுக்குக் கடன் தள்ளுபடி போதும். பின்னவனுக்கு நிலம் வேண்டும்.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் 100க்கு 20 பேர். நிலத்தில் 100க்கு எத்தனை ஏக்கர் என்பதை ஊர் ஊராக எடுத்துச் சொல்ல வேண்டியது இனி நம் வேலை. பொருளாதாரம் படிக்கும் நம் பிள்ளைகள் எண்களைக் கண்டு பயப்படக் கூடாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது. 2005லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் அந்தக் காகிதம், இன்னொரு பக்கம் சேரியில் இன்னும் உயிரோடு இருக்கும் கடைசிப் பண்ணையாட்களின் வாய்மொழி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். எந்தப் பண்ணை, எத்தனை தலைமுறை, எத்தனை படி நெல், எந்த வருஷம் மனையை விட்டு விரட்டினார்கள், பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண், இன்று யார் பெயரில் இருக்கிறது?

கிழவிகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். காகிதம் செல்லரித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகட்டும்.